சிவப்பு மேலே, நீலம் கீழே

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு சோடாபுட்டி என்று பெயர். அச்சகத்தில் கழுகு. முதல் பெயரை வைத்தவர்கள் அவள் கண்ணாடியைப் பார்த்து வைத்தார்கள். இரண்டாவது பெயரை வைத்தவர்கள் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பார்வையைப் பார்த்து வைத்தார்கள். ஆனாலும் யாராவது கழுகு என்று கூப்பிட்டால்கூட அவள் காதில் சோடாபுட்டி என்றுதான் விழும். சின்ன வயதில் ஒட்டியது அப்படி.

அவள் வேலை ஷீட் பார்ப்பது. கலர் அச்சு என்பது நாலு மையை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. நாலும் ஒன்றின்மேல் ஒன்று கச்சிதமாக உட்கார வேண்டும். ஒரு முடியளவு தள்ளி உட்கார்ந்தாலும் எழுத்துக்கு நிழல் வந்துவிடும், படத்தில் இருக்கிற முகத்துக்கு இரண்டு வாய் வந்துவிடும். இப்படிப் பொருந்தி உட்காருவதைத்தான் ரிஜிஸ்டர் என்பார்கள். மெஷின்காரர் முதல் ஷீட்டை எடுத்துக்கொண்டு வந்து அவள் மேஜையில் விரிப்பார். அவள் சரி என்றால் மெஷின் ஓடும். இல்லை என்றால் நிற்கும். மற்ற இடங்களில் ஷீட்டின்மேல் லூப் என்கிற குட்டி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்ப்பார்கள். இவள் சும்மா குனிந்து பார்த்தே சொல்லிவிடுவாள். "கழுகு பாத்தாச்சுன்னா கடவுள் பாத்த மாதிரி" என்பார் கட்டிங் மெஷினில் நிற்கிற பெரியவர்.

நாற்பதுக்கு மேல் நாய்க்குணம் என்பார்கள். அவளுக்கு நாற்பதுக்கு மேல் வந்தது வெள்ளெழுத்து. ஏற்கெனவே தூரத்துக்குப் பெரிய பவர். இப்போது கிட்டத்தில் இருக்கிற எழுத்தும் கலங்க ஆரம்பித்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஷீட்டில் முகத்தைப் புதைத்துப் பார்ப்பாள். நிமிர்ந்தால் மூக்கு நுனியில் மை. நாள் முழுக்க அந்த மூக்கோடு நடமாடுவாள், ஒருவரும் சொல்ல மாட்டார்கள். சாயந்திரம் வீட்டில் புருஷன்தான் பார்த்துச் சிரிப்பான்.

"இன்னிக்கு என்ன கலர் வேலைன்னு கேக்கவே வேண்டாம் போல."

"போய்த் துணி எடுத்துட்டு வா, சிரிச்சது போதும்."

அப்படித்தான் கண்ணாடிக் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் பொறுமையான மனிதர். பவர் பார்த்து முடித்துவிட்டு, கறுப்புத் துணி விரித்த தட்டில் வரிசையாக லென்ஸ்களை வைத்தார்.

"மேல தூரத்துக்கு, கீழ படிக்கறதுக்கு, ஒரே லென்ஸ்ல பண்ணிடலாம்மா. எந்த மெட்டீரியல்ல போடறதுங்கறதுதான் இப்ப கேள்வி. இது நீங்க இப்ப போட்டிருக்கிற சாதா பிளாஸ்டிக். பார்வை சுத்தமா இருக்கும். ஆனா உங்க பவருக்கு ஓரம் தடியாத்தான் வரும். இது நிஜக் கண்ணாடி. கீறல் விழாது, ஆனா மூக்கு தாங்காது, கீழ விழுந்தா கதை முடிஞ்சுது. இது பாலிகார்பனேட். கல்லு பட்டாலும் சட்டுனு உடையாது, ஓடி ஆடற பசங்களுக்குப் போடுவோம். இது ஹை இண்டெக்ஸ். இருக்கிறதுலயே மெல்லிசு."

கடைசியாகச் சொன்னதை அவள் கையில் எடுத்தாள். இவ்வளவு பவருக்கு இவ்வளவு மெல்லிசா என்று இருந்தது. அவர் வேறொரு வாடிக்கையாளருக்காகச் செய்து வைத்திருந்த ஒரு ஜோடியைக் காட்டினார், ஏறக்குறைய அவள் பவர்தான். போட்டுக்கொண்டு எதிரில் இருந்த நிலைக்கண்ணாடியைப் பார்த்தாள். பழைய கண்ணாடியில் அவள் கண்கள் கடுகு மாதிரி சுருங்கித் தெரியும். கல்யாணப் போட்டோவில்கூட அப்படித்தான். இதில் கண் கண்ணாக இருந்தது. கன்னத்தின் ஓரத்தில் அந்தப் பழைய வளையம் வளையமான நிழல் இல்லை.

"இதுல ஒரே ஒரு விஷயம்மா" என்றார் கடைக்காரர். "நடுவுல பாக்கறப்ப ஒண்ணும் தெரியாது. ஓரமாப் பாத்தா வெளிச்சம் கொஞ்சம் கலர் கலராப் பிரியும். உங்க பவருக்குக் கொஞ்சம் கூடவே பிரியும். முக்காவாசிப் பேருக்குப் பழகிடும். ஆமா, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக் கைப்பை, சீராக வெட்டிய நகம். இவள் நகத்தில் நேற்றைய நீலம் இன்னும் போகவில்லை. விரல்களை மடக்கிப் பையின் கீழே தள்ளிக்கொண்டாள்.

"ஆபீஸ்ல" என்றாள். அவள் மேஜை அச்சகத்தின் ஆபீஸ் அறையை ஒட்டித்தான் இருந்தது. பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை.

"கம்ப்யூட்டரா?"

"ஆமா."

"அப்ப ஒண்ணும் தொந்தரவு இருக்காது. தைரியமா போட்டுக்கலாம்."

அவர் சொன்னது காதில் விழுந்தது. மனசில் விழவில்லை. மனசு அப்போது நிலைக்கண்ணாடிக்குள் இருந்தது.

கண்ணாடி தயாராகி வந்தது ஒரு விடுமுறை நாளில். கொழுந்தன் வீட்டுக்கு வந்திருந்தான். புருஷனுக்கு ஒரே தம்பி. அவள் கல்யாணமாகி வந்தபோது அவன் அரைக்கால் சட்டை போட்ட பள்ளிக்கூடப் பையன். அன்றிலிருந்து அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவான், ஆனால் பேசுவதெல்லாம் நீ, வா, போ. மாமியார் எத்தனையோ தடவை திட்டிப் பார்த்தார். "அண்ணி என்ன வேத்து ஆளா?" என்பான்.

"அண்ணி, உனக்கு இவ்ளோ பெரிய கண்ணா? இத்தனை வருஷமா எங்க ஒளிச்சு வச்சிருந்தே?"

"உன் அண்ணன் கேக்க வேண்டிய கேள்வி. அவரு இன்னும் நிமிர்ந்தே பாக்கல."

"அண்ணனுக்குப் பயம். இனிமே எல்லாம் உனக்குத் தெரிஞ்சுடுமே."

அவன்தான் அச்சகத்தில் நாலு கலர் மெஷின் ஓட்டுகிறவன். நல்ல கை. ஆனால் நடுவில் சில வருஷம் அந்தக் கையைக் குடி பிடித்துக்கொண்டது. வேலை பார்த்த இடத்திலிருந்தெல்லாம் துரத்தினார்கள். கடைசியில் ஒரு நாள் விட்டான். எப்படி விட்டான் என்று யாருக்கும் தெரியாது, அவனும் சொன்னதில்லை. விட்ட பிறகும் வேலை கொடுக்க ஆள் இல்லை. அவள்தான் முதலாளியிடம் போய் நின்றாள். "இவனுக்கு நான் ஜவாப்தாரி சார்" என்றாள். முதலாளி அவள் முகத்துக்காகச் சேர்த்துக்கொண்டார். அன்று முதல் அவன் சட்டைப் பையில் எப்போதும் புதினா மிட்டாய் இருக்கும். ஆசை வரும்போதெல்லாம் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வான். மெஷின் பக்கம் போனால் மை வாசனைக்கு நடுவில் புதினா வாசனை வரும்.

புதுக் கண்ணாடியோடு அவள் வேலைக்குப் போன அன்று மெஷினில் ஏறியிருந்தது ஒரு சோப்பு அட்டைப்பெட்டி. வெள்ளைப் பின்னணி, நடுவில் ஒரு குழந்தையின் சிரித்த முகம், கீழே அடர்ந்த எழுத்தில் சோப்பின் பெயர். புது வாடிக்கையாளர். இது நன்றாக வந்தால் இன்னும் வேலை வரும் என்று முதலாளி காலையிலிருந்து குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

கொழுந்தன் முதல் ஷீட்டைக் கொண்டுவந்து விரித்தான்.

"பாரு அண்ணி, புள்ளை எப்படிச் சிரிக்குது."

அவள் குனிந்தாள். புதுக் கண்ணாடியில் கிட்டத்தில் பார்ப்பதற்கான இடம் கீழ்ப்பகுதியில் இருந்தது. கண்ணைத் தாழ்த்தி அந்த வழியாகப் பார்த்தாள். எழுத்தின் மேல் விளிம்பில் மெல்லிய சிவப்பு. கீழ் விளிம்பில் மெல்லிய நீலம். ரிஜிஸ்டர் பார்ப்பதற்கென்றே ஷீட்டின் மூலையில் போட்டிருந்த கூட்டல் குறியிலும் அதேதான். நாலு மூலையிலும் அதேதான்.

"விலகியிருக்கு."

"எங்க?"

"கறுப்புக்கு மேல சிவப்பு எட்டிப் பாக்குது. கீழ நீலம் கசியுது."

அவன் லூப்பை வைத்துப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான். "எனக்குத் தெரியலியே."

"எனக்குத் தெரியுது. பிளேட்டை நகத்து."

அவன் போய் நகர்த்தி, மறுபடி ஓட்டிக் கொண்டுவந்தான். கொஞ்சம் குறைந்திருந்தது. இன்னும் நகர்த்தச் சொன்னாள். மறுபடி கொண்டுவந்தான். இந்த முறை அவள் கண்ணுக்கு எழுத்து சுத்தமாக இருந்தது.

"இப்ப வந்துடுச்சு. ஓட்டு."

அவன் நகரவில்லை. "அண்ணி, இப்பத்தான் போயிடுச்சு. முதல்ல அடிச்சதுதான் சரி. புள்ளைக்கு ரெண்டு வாய் வருது பாரு. லூப் வச்சுப் பாரேன் ஒரு தடவை."

லூப்பை நீட்டினான். கட்டிங் பெரியவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "என்னப்பா, கழுகுக்கே கண்ணாடியா!" பைண்டிங் பெண்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு இல்லாமலிருந்தால் ஒருவேளை அவள் வாங்கிப் பார்த்திருப்பாள். வாங்கவில்லை.

"எனக்கே லூப்பா? நீ மெஷினுக்கு வர்றதுக்கு முன்னாலிருந்து நான் ஷீட் பாக்கறேன்."

"தப்பா அடிக்கச் சொன்னா எப்படி அண்ணி அடிக்கறது?"

முதலாளி வந்துவிட்டார். தரையில் வீணான ஷீட்டுகள். இரண்டு ஷீட்டையும் தூக்கி மாறிமாறிப் பார்த்தார். அவருக்கு அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வராது. "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. நீ என்னம்மா சொல்றே?"

"முதல்ல வந்தது விலகல் சார்."

அப்போதுதான் அவள் கொழுந்தன் கையைப் பார்த்தாள். லூப் பிடித்திருந்த விரல் லேசாக நடுங்கியது. கோபத்திலும் கை நடுங்கும் என்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. ஷீட்டைப் பார்க்கிற மாதிரி அவன் பக்கமாகச் சாய்ந்தாள். மூச்சை இழுத்தாள். குப்பென்று புதினா. எதை மறைக்க இவ்வளவு மிட்டாய் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பு நேரே வாய்க்கு வந்துவிட்டது.

"காலைலயே ஆரம்பிச்சுட்டியா?"

மெதுவாகத்தான் கேட்டாள். மெஷின் ஓடும்போது அந்தக் கூடத்தில் கத்தினால்கூடக் கேட்காது. அப்போது மெஷின் நின்றிருந்தது. பெரியவர் வரைக்கும், பைண்டிங் பெண்கள் வரைக்கும், வாசலில் பேப்பர் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

அவன் அவளையே பார்த்தான். லூப்பை மேஜையில் வைத்தான். துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தான்.

"நீங்களே அடிச்சுக்குங்க அண்ணி" என்றான்.

நீங்க. முதல் தடவையாக.

போய்விட்டான். முதலாளி பெருமூச்சு விட்டார். அதற்கு எல்லா அர்த்தமும் இருந்தது. இன்னொரு மெஷின்காரரை வைத்து வேலையை முடித்தார்கள். அவருக்கு ஆமாஞ்சாமி என்றே பெயர். அவள் எந்த ஷீட்டைச் சரி என்றாளோ அதையே அச்சுப் பிசகாமல் அடித்துத் தள்ளினார். அச்சே பிசகு என்பதை அவர் கவனித்தாரோ இல்லையோ, கேட்கவில்லை.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள்.

"அவன்கிட்டக் கேட்டியா?"

"கேக்க என்ன இருக்கு? கை நடுங்குது. வாசனை வந்துது."

"என்ன வாசனை?"

"புதினா."

புருஷன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனான். தம்பிக்கு போன் போடவும் இல்லை. அவனும் நம்பிவிட்டான் என்று அவளுக்குப் புரிந்தது. கழுகு சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது வீட்டிலும் பழகிப்போன விஷயம்.

அடுத்து வந்ததெல்லாம் ஒரே கலர் வேலைகள். அதில் ரிஜிஸ்டர் பார்க்க என்ன இருக்கிறது? மை சமமாக விழுந்திருக்கிறதா, எழுத்து உடைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். தேடாததைக் கண் காட்டுவதில்லை. தலை சுற்றியது, படியிறங்கும்போது தரை கொஞ்சம் தள்ளி இருந்தது, அதெல்லாம் பழகிவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

சோப்புப் பெட்டிகள் திரும்பி வந்தன. மொத்தமும். முதலாளி ஒரு அட்டையை அவள் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"என்னம்மா இது? புள்ளைக்கு வாயும் ரெண்டு, கண்ணும் ரெண்டு ஜோடி. பேயைப் போட்டு சோப்பு விக்கச் சொல்றீங்களான்னு கேக்கறான்."

கை நீட்டுகிற தூரத்தில், நேர் பார்வையில், அவளுக்கும் தெரிந்தது. அப்பட்டமான விலகல். பழகின கண்ணுக்கு ஒரு பார்வை போதும். "நான் பாத்தப்ப இப்படி இல்ல சார்" என்றாள். ஆமாஞ்சாமி முதல் தடவையாக இல்லை என்றார். "நீங்க ஓகே சொன்னதுலருந்து நான் ஒரு நூல் நகத்தலம்மா. என் புள்ளைங்க மேல சத்தியம்."

அன்று சாயந்திரம் புருஷனின் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டை, மெல்லிய கறுப்புக் கோடு. மேஜையில் குறுக்காகக் கிடந்தது. கண்ணைத் தாழ்த்திப் பார்த்தபடி தேய்த்துக்கொண்டே வந்தவள் கை நின்றது.

ஒவ்வொரு கறுப்புக் கோட்டுக்கும் மேலே மெல்லிய சிவப்பு. கீழே மெல்லிய நீலம்.

சட்டையைத் திருப்பி நெடுக்காகப் போட்டாள். கோடுகள் கறுப்பாக மட்டும் இருந்தன. மறுபடி குறுக்காகப் போட்டாள். சிவப்பு மேலே, நீலம் கீழே. தலையை நன்றாகக் குனிந்து, லென்ஸின் நடுப்பகுதி வழியாகப் பார்த்தாள். கலங்கலாக இருந்தாலும் வண்ணம் இல்லை. தலையை நிமிர்த்திக் கண்ணை மட்டும் தாழ்த்தினாள். வந்தது. இஸ்திரிப் பெட்டி துணியின்மேல் நின்றதும், பொசுங்குகிற வாசனை வந்ததும் அவளுக்கு உறைக்கவில்லை. புருஷன் ஓடிவந்து பெட்டியைத் தூக்கினான்.

"என்ன பண்றே நீ? என் சட்டை!"

"இந்தக் கோட்டுல சிவப்பு இருக்கா?"

"கறுப்புக் கோடும்மா. கடையில பாத்துதானே எடுத்தே."

"சிவப்பு இல்லியே? நீலமும் இல்லியே?"

"இல்லவே இல்ல. இப்ப நடுவுல பழுப்பு மட்டும் இருக்கு, நீ வச்சது."

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "உன் தம்பி குடிக்கலடா" என்றாள். அவள் புருஷனை டா போட்டது அன்றைக்குத்தான்.

கண்ணாடிக் கடைக்காரர் முதலில் அவள் கண்ணைச் சோதித்தார், பிறகு லென்ஸைச் சோதித்தார். இரண்டிலும் குற்றமில்லை.

"ஓரத்துல கலர் பிரியும்னு சொன்னேனேம்மா. உங்களுக்குப் படிக்கற பவர் கீழ இருக்கு, நீங்க அந்த ஓரத்து வழியாத்தானே எப்பவும் பாக்கறீங்க. பேப்பர் படிக்கறவங்களுக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்ல. ஆமா, அன்னிக்கு என்ன வேலைன்னு சொன்னீங்க?"

"பிரஸ்ல. கலர் ஷீட் பாக்கற வேலை."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அய்யோ. முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த மெட்டீரியலை உங்க பக்கமே கொண்டுவந்திருக்க மாட்டேனே. சாதா பிளாஸ்டிக்ல, வேலைக்குன்னு தனியா கிட்டத்துல பாக்கறதுக்கு ஒண்ணு பண்ணியிருப்பேன். தடியா இருக்கும், அவ்வளவுதான்."

"பண்ணுங்க" என்றாள். "தடியாவே இருக்கட்டும்."

புதுசு வந்ததும் கொழுந்தன் வீட்டுக்குப் போனாள். புருஷன் கூட வருகிறேன் என்றான். வேண்டாம் என்றாள். மெல்லிய கண்ணாடியை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டாள்.

கதவைத் திறந்தது ஓரகத்தி. "வாங்கக்கா" என்றாள், ஆனால் வழக்கமாகக் கையைப் பிடித்து உள்ளே இழுப்பவள் ஒதுங்கி நின்றாள். கொழுந்தன் இப்போது தண்ணீர் கேன் வண்டியில் லோடு ஏற்றப் போகிறானாம். அன்று வீட்டில் இருந்தான். தோளில் தைலம் தடவிக்கொண்டிருந்தான்.

"வாங்க அண்ணி. உக்காருங்க."

வாங்க. உக்காருங்க. அவளுக்கு உட்காரவே முடியவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். லென்ஸ், ஓரம், இஸ்திரி, சட்டை, ஆபீஸ் என்று சொன்ன பொய், எல்லாம். டப்பாவைத் திறந்து கண்ணாடியை நீட்டினாள். அவன் வாங்கினான். என்ன இருந்தாலும் மெஷின்காரன். பழைய பேப்பர் ஒன்றை எடுத்து, அதில் ஒரு தடித்த கோட்டின்மேல் லென்ஸைத் தூக்கிப் பிடித்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"அட! ஆமா. அப்படியே ரிஜிஸ்டர் போன மாதிரியே இருக்கு." சிரித்துவிட்டான். "நாலு பிளேட்டையும் விட்டுட்டு லென்ஸை நகத்தியிருக்கணும்."

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. "முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்டா. நாளைக்கே வந்துடு."

அவன் கண்ணாடியை மடக்கி டப்பாவில் வைத்தான். டப்பாவை மூடினான்.

"விலகியிருக்குன்னு சொன்னது இந்த லென்ஸ். சரி. மோந்து பாத்தது?"

அவள் டப்பாவுக்குக் கை நீட்டினாள். அவன் உடனே விடவில்லை.

"ஷீட்டைப் பாக்கற மாதிரி சாஞ்சீங்க. நான் புரியாத ஆளா? அதுக்கு என்ன லென்ஸ் போட்டிருந்தீங்க?"

ஓரகத்தி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "அன்னிக்கு இவரு வீட்டுக்கு வந்தப்ப நானும் முதல்ல வாயைத்தான் மோந்தேன் அக்கா" என்றாள். "நீங்க சொல்லியிருக்கீங்கன்னா இருக்கும்னு. நாலு நாள் இவரு சட்டைப் பையெல்லாம் தேடினேன். மிட்டாய்தான் இருந்துது." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"தப்புதான்டா" என்றாள் அவள். "மன்னிச்சுடுன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல. நீ வேலைக்கு மட்டும் வந்துடு."

"எப்படி வர்றது? கதவைத் தாண்டி உள்ள வந்தா எல்லாரும் முதல்ல என் கையைப் பாப்பாங்க, அப்புறம் வாயைப் பாப்பாங்க. நிஜமா குடிச்சப்பக்கூட யாரும் அப்படிப் பாக்கல அண்ணி. அப்ப யாருக்கும் சந்தேகமே இல்லியே." அவன் தோளைத் தேய்த்துக்கொண்டான். "அங்க நாலு பேர் முன்னால சொன்னதை இங்க வந்து என்கிட்டச் சொல்றீங்க. அங்கயே போய்ச் சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்."

மறுநாள் அவள் மெஷினை நிறுத்தச் சொன்னாள். எல்லோரையும் மேஜைக்குக் கூப்பிட்டாள். முதலாளியும் வந்தார். அவள் கூட்டத்தில் பேசிப் பழகாதவள்.

"அன்னிக்கு அவன் குடிக்கல. அவன் அடிச்சது சரி. என் கண்ணாடிதான் தப்பு. அவன் வாயில இருந்தது மிட்டாய்தான். எல்லாருக்கும் தெரியணும்னு சொல்றேன்."

மெல்லிய கண்ணாடியை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, கோட்டின்மேல் பிடித்துப் பார்க்கச் சொன்னாள். ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். ஆமாஞ்சாமி "ஆமாம்மா, கலர் தெரியுது" என்றார். பைண்டிங் பெண்கள் வானவில்லைப் பார்த்த மாதிரி மாற்றி மாற்றிப் பிடுங்கிப் பார்த்தார்கள். முதலாளி தலையை ஆட்டினார். "சரிம்மா, சரிம்மா. வரச் சொல்லு அவனை. ஆனா கொஞ்ச நாளைக்கு நீ அவன் பக்கத்துலயே இரு. பாத்துக்கோ."

"பாத்துக்க ஒண்ணும் இல்ல சார். அவன் குடிக்கவே இல்லங்கறேன்."

"நான் இல்லன்னா சொன்னேன்?" என்றார் முதலாளி. சொன்ன குரலே சொல்லிவிட்டது.

கட்டிங் பெரியவர் அவள் பக்கத்தில் வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து, அவள் காதிலும் விழும்படியாகத்தான் சொன்னார்.

"கொழுந்தனைக் காப்பாத்த தன் கண்ணையே குத்தம் சொல்லுது பாரு இந்தப் பொண்ணு. அந்தப் பயலுக்கு இப்படி ஒரு அண்ணி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்யா."

"அய்யோ பெரியவரே, நான் அதுக்காகச் சொல்லல. நிஜமாவே..."

"தெரியும்மா, தெரியும்மா" என்று அவள் தோளைத் தட்டினார். மற்றவர்களும் அன்பாகத் தலையாட்டினார்கள். அவர்களோடு அவளுக்குச் சண்டை போடவும் வழியில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். பாராட்டுகிறவர்களிடம் என்ன சொல்வது? மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. இனி என்ன சொன்னாலும் யாருக்கும் கேட்காது.

பின்பக்கம், வீணான பேப்பர் மூட்டைகள் கிடக்கிற இடத்துக்குப் போய் கொழுந்தனுக்கு போன் போட்டாள். வண்டிச் சத்தத்துக்கு நடுவில் எடுத்தான்.

"சொல்லிட்டேன்டா. எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்."

"நம்பினாங்களா?"

நம்பினார்கள் என்று சொன்னால் அவன் நாளைக்கே வந்துவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. வந்து, கதவைத் தாண்டியதும் தெரிந்துகொள்வான் என்றும் தோன்றியது.

"நம்பல" என்றாள்.

அந்தப் பக்கம் கேன்கள் உருளுகிற சத்தம். யாரோ அவனைச் சீக்கிரம் வரச் சொல்லிக் கத்தினார்கள்.

"ம். சொன்னீங்கல்ல" என்றான் அவன். "வைக்கறேன் அண்ணி. லோடு ஏறுது."